கோட்டை விட்டாரா ஆதிமூலம்?

"டீச்சர், இதுல என்னா இருக்கு?"

படிவம் ஐந்து, கடைசிப் பாடவேளை, வெளியே நல்ல மழை. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் அரூப ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டியிருந்தேன். மேலே நீலம், கீழே காவி, நடுவில் யாரோ சுரண்டிவிட்டது போல ஒரு வெளிர் பட்டை. அவ்வளவுதான். மரம் இல்லை, மனிதர் இல்லை, வீடு இல்லை. நான் வாய் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "மையக்கரு என்னான்னு சொல்லிடுங்க டீச்சர், எழுதிக்கிறோம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பையனுக்கு அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். கவிதையைக் கையில் கொடுத்த மூன்றாவது நிமிடமே பலகையில் கோடு போட்டு, பாடுபொருள், மையக்கரு, துணைக்கரு என்று பத்தி பிரிப்பவள் நான். தேர்வுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு படைப்பின் முன்னால் ஐந்து நிமிடம் சும்மா நிற்கக்கூட முடியாத பிள்ளைகளை உருவாக்கிவிட்டோமோ என்ற உறுத்தல் அன்று முதல் எனக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலில் எழுதியது. ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன், தேர்வு எழுதப்போகும் மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஆதிமூலத்தை ஏன் எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரூப ஓவியம் என்றதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: "ஒழுங்கா வரையத் தெரியாதவங்க செய்யுற வேலை." ஆதிமூலத்திடம் அந்தப் பேச்சு செல்லாது. 1938இல் திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, சிற்பி தனபாலின் அரவணைப்பில், அரசு ஓவியக் கல்லூரியில் படித்து 1966இல் பட்டயம் பெற்றார். 1969இல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியின் வாழ்க்கையை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். இந்த எண்ணை மாணவர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள். ஒரே மனிதரை, வெறும் கறுப்பு மையில், நூறு முறை. ராஜாக்கள் வரிசை என்று இன்னொன்று வரைந்தார். மகுடமும் நகையுமாகக் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் அரசர்கள், கிட்டப்போய்ப் பார்த்தால் நூல் நூலாகப் பிரிந்து நைந்துகொண்டிருப்பார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு அவரை வீட்டுக்குள் கொண்டுவந்தது பத்திரிகைதான். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதியபோது, அதற்கு வரைந்தவர் ஆதிமூலம். ஓவியக் கண்காட்சிப் பக்கமே போகாத ஆயிரக்கணக்கான பேர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நவீனக் கோட்டோவியத்தைப் பார்த்தார்கள். சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் வரைந்த தலைப்பெழுத்துகள் தனிக் கதை. தமிழ் எழுத்தின் சுழியையும் வளைவையும் கையில் எடுத்து, உளியால் செதுக்கியது போல நிறுத்தினார். தமிழாசிரியர்களுக்கு அவர் மீது உரிமை கொண்டாட அது ஒன்றே போதும்.

இப்படிக் கோட்டில் அரசாண்டவர் எழுபதுகளுக்குப் பிறகு எண்ணெய் வண்ணத்தில், உருவமே இல்லாத பெரிய பெரிய ஓவியங்களுக்குள் போனார். அங்கே காந்தி இல்லை, ராஜா இல்லை, கரிசல் காட்டுப் பெரியவர்கள் இல்லை. முக்கியமாக, கோடு இல்லை. கோட்டை விட்டுவிட்டார். இந்தத் தொடருக்கு நம் பேச்சு வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு அல்லவா? கையில் இருந்ததைக் கவனமில்லாமல் இழந்துவிட்டால், "கோட்டை விட்டுட்டான்" என்போம். ஆதிமூலம் எந்தப் பொருளில் கோட்டை விட்டார் என்பதுதான் என் கேள்வி.

இதற்குப் பதில் தேட, 'என்ன வரைந்தார்' என்பதைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, 'எப்படி வரைந்தார்' என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை வைத்தால் வைத்ததுதான். அழிப்பான் கிடையாது. கோடு தயங்கினால் தயக்கம் தாளில் தெரியும். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கோடு, சரிவாக ஒரே இழுப்பு. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. "கை யோசிக்கக் கூடாது, கண்ணு யோசிக்கணும்" என்பார். ஆதிமூலத்தின் காந்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் அந்தச் சரிவு வெட்டு நினைவுக்கு வரும். (வகுப்பில் கேன்வாசுக்குக் 'கித்தான்' என்று தமிழ்ச்சொல் எழுதிப் போட்டேன். "கித்தா மரமா டீச்சர்?" என்று கேட்டார்கள். நம் ஊரில் ரப்பர் கித்தா, ஓவியருக்குக் கித்தான். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது.)

எண்ணெய் வண்ணத்தின் குணம் நேர் எதிர். அது சீக்கிரம் காயாது. மெல்லிய பூச்சுக்கே நாள்கணக்காகும், தடித்த பூச்சுக்கு வாரங்கள். அதனால் ஓவியர் காத்திருந்தே ஆக வேண்டும். ஆதிமூலம் தூரிகையைவிடக் கத்தியை அதிகம் நம்பியவர். வெட்டுகிற கத்தி இல்லை. கொத்தனார் கரண்டியைச் சின்னதாக்கியது போல, வளைந்து கொடுக்கும் தகடு. அதில் வண்ணத்தை அள்ளி, சாந்து பூசுவது போல அப்பலாம், இழுக்கலாம், சுரண்டியும் எடுக்கலாம். சுரண்டிய இடத்தில் அடியில் கிடக்கும் பழைய வண்ணம் எட்டிப் பார்க்கும். ஈரத்தின் மேல் ஈரம் வைத்தால் இரண்டும் கலந்து மூன்றாவது நிறமாகும். காய்ந்ததன் மேல் வைத்தால் கீழே உள்ளது சொரசொரப்பாகத் தடுக்கும்.

ஆக, மையில் ஒரு நொடியில் எடுக்கும் முடிவை எண்ணெயில் பல நாள் பரப்பி எடுக்க வேண்டும். இன்று போட்ட நீலம் நாளைக்குப் பிடிக்காமல் போகலாம். அதன் மேல் காவி வரும். அந்தக் காவியைப் பாதி சுரண்டும்போது, எதிர்பார்க்காமல் ஒரு நல்லது நடக்கும். அதை விட்டுவைப்பதா, மூடிவிடுவதா? ஓவியக்கூடத்தில் நடக்கும் உண்மையான வேலை இந்த 'விடுவதா மூடுவதா' என்பதுதான். கை வேலை செய்யும் நேரத்தைவிடக் கண் வேலை செய்யும் நேரம் அதிகம்.

இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர் வி.எஸ். கைத்தொண்டே. 1924இல் நாக்பூரில் பிறந்து, மும்பையில் படித்து, 1972இல் டில்லிக்குக் குடிபெயர்ந்தவர். நிஜாமுதீன் பகுதியில் சின்ன இடத்தில் தனியாக இருந்தார். உருளையாலும் கத்தியாலும் வண்ணம் பரப்புவார். ஆண்டுக்கு ஒரு சில ஓவியங்கள்தான் செய்வார். மற்ற நேரமெல்லாம்? உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், யோசித்துக்கொண்டிருப்பார். பார்ப்பவருக்கு அது சும்மா இருப்பது. 2001இல் அவர் இறந்தபோது வெளியுலகில் பெரிய சத்தம் இல்லை. 2014இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய முழு வாழ்நாள் வேலையையும் திரட்டிக் காட்சி வைத்தது. 2021இல் ஓர் ஓவியம் ஏறக்குறைய 40 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. விலையைச் சொன்னதும் என் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் சொன்னேன், நிமிர்ந்தார்களே.

ஆதிமூலத்திடம் திரும்புவோம். அவர் பல ஆண்டுகள் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். இதைப் பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. நெசவில் நூல்தான் கோடு. ஆனால் அங்கே எந்தக் கோடும் தனியாகத் தெரிவதில்லை. பாவும் ஊடுமாக ஆயிரம் கோடு சேர்ந்து ஒரு பரப்பாகிவிடும். கோடு காணாமல் போவதால்தான் துணி உண்டாகிறது. ஆதிமூலத்தின் வண்ண ஓவியங்களில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கத்தித் தடங்களைப் பார்க்கும்போது, கோடு போய்விட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. நூல் துணிக்குள் போவது போல வண்ணத்துக்குள் போயிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. இது என் வாசிப்பு. அவர் அப்படிச் சொன்னார் என்று யாரும் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அவர் கோட்டை முழுதாக விடவே இல்லை. கரிசல் காட்டுக்கு வரைந்தது எண்பதுகளில். அதாவது உருவமில்லாத வண்ணங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில். அவருடைய கோட்டோவியங்களின் பெருந்தொகுப்பு 1962 முதல் 1996 வரை நீள்கிறது. கதை கேட்கிற இடத்தில் கோடு கொடுத்தார். கதை இல்லாத இடத்தில் கோட்டை ஒளித்துவைத்தார். ஒரே கை, இரண்டு வேலை. 'முதலில் உருவம், பிறகு அரூபம்' என்று அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்டி எழுதுவது வசதிதான். வசதிக்காகச் செய்யும் பிழை அது.

புகழ்ந்துகொண்டே போனால் இது விமர்சனம் ஆகாது. அவருடைய அரூப ஓவியங்கள் எல்லாம் எனக்கு ஒரே அளவில் பிடிக்கவில்லை. சிலவற்றில் நிறங்கள் ஒன்றோடு ஒன்று ரொம்பவும் சமாதானமாக இருக்கின்றன. நீலம் காவிக்கு வழிவிடுகிறது, காவி பச்சைக்குத் தலையாட்டுகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சி, பெரிய விடுதியின் வரவேற்பறையில் மாட்டினால் யாரையும் தொந்தரவு செய்யாது. அந்தத் தொந்தரவின்மைதான் எனக்குக் குறை. காந்தியின் முதுகை ஒரே கோட்டில் இழுத்தபோது இருந்த ஆபத்து, தவறினால் தாளே போச்சு என்ற அந்தப் பதைப்பு, இந்த அமைதியான பரப்புகளில் இல்லை. எங்கே சுரண்டல் கோபமாக விழுந்திருக்கிறதோ, எங்கே அடியிலிருந்து ஒரு கறுப்பு திமிறிக்கொண்டு வருகிறதோ, அங்கேதான் பழைய ஆதிமூலம் மூச்சு விடுகிறார். கோட்டை விட்ட ஓவியங்களும் உண்டு, கோட்டைக் காப்பாற்றிய ஓவியங்களும் உண்டு என்று சொன்னால் நியாயமாக இருக்கும்.

இந்தத் தீர்ப்பில் ஓர் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். நான் பார்த்தது பெரும்பாலும் அச்சிலும் திரையிலும்தான். கத்தியால் அப்பிய வண்ணத்துக்கு மேடு பள்ளம் உண்டு. திரையில் அது தட்டையாகிவிடும். தெப்ராவிலிருந்து சென்னைக்குப் போக முடியாவிட்டாலும் பாலத்தைக் கடக்க முடிகிறதே என்று, ஒரு பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனேன். அங்கே லத்தீப் மொஹிதினின் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றேன். நெகிரி செம்பிலானில் பிறந்தவர், மலாய்க் கவிஞரும்கூட. அறுபதுகளில் அவர் செய்த 'பாகோ பாகோ' வரிசை 2018இல் பாரிஸ் பொம்பிடு மையம் வரை போனது. நேரே நின்றால் ஒரு படம். பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் இடத்திலிருந்து பார்த்தால் வேறு படம். வண்ணத்தின் விளிம்புக்கெல்லாம் நிழல் இருந்தது. இன்னும் கிட்டப்போனேன். காவலர் பெண்மணி, "மிஸ், கொஞ்சம் பின்னாடி" என்றார். அங்கே நின்றபோதுதான், தூரிகை எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே அழுத்தியது, எங்கே தூக்கியது என்று கண்ணால் தொட முடிந்தது.

நம் ஜொகூருக்கே ஒருவர் இருக்கிறார். சையட் அஹ்மட் ஜமால், 1929இல் மூவாரில் பிறந்தவர். ஆசிரியராகவும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளராகவும் வேலை பார்த்தவர், பிறகு தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநர், 1995இல் தேசியக் கலைஞர். அவருடைய குனோங் லேடாங் ஓவியங்களை வகுப்பில் முதலில் காட்டுங்கள் என்பது என் அனுபவ ஆலோசனை. ஆதிமூலத்திடம் நேராகப் போனது நான் செய்த தவறு. லேடாங் மலையை நம் பிள்ளைகள் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். இளவரசியும் ஏழு நிபந்தனைகளும் மலாய்ப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். அந்த ஓவியங்களில் மலை முக்கோணமாகச் சுருங்கி, முக்கோணம் வண்ணமாக உருகுவதைப் பார்க்கும்போது, 'உருவத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்' என்ற கேள்வி அவர்களுக்குத் தானாக வருகிறது. அங்கிருந்து ஆதிமூலத்துக்கு ஒரு தாவல்தான். இடையில் நேரம் இருந்தால் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைக் காட்டலாம். 1963இல் தொடங்கியது. எழுத்து மாதிரியே இருக்கும், எழுத்துக்கூட்டினால் சொல் வராது. தமிழ் வகுப்பில் அதைக் காட்டிவிட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

"இதெல்லாம் தேர்வுக்கு வருமா டீச்சர்?" வராது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு புதுக்கவிதைக்கு நயம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, "கடைசி வரிக்கு முன்னால் கவிஞர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்கிறார். அங்கே ஒரு சொல் குறைவது போல் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். என்னிடம் இருந்த குறிப்பில் அது இல்லை. 'கருத்துத் தெளிவில்லை' என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அடுத்த பயிற்சியிலிருந்து அவள் குறிப்பில் உள்ளதை அப்படியே எழுதினாள். முழு மதிப்பெண் வாங்கினாள். நானும் பாராட்டினேன். அவள் எழுதியதுதான் அந்தக் கவிதையைப் பற்றி அன்று வகுப்பில் யாரும் சொல்லாத உண்மை என்று எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கவிஞர் எதை எழுதிவிட்டு அடித்தார், எங்கே நிறுத்தினார் என்று யோசிப்பதும், ஓவியர் எதைப் பூசிவிட்டுச் சுரண்டினார் என்று பார்ப்பதும் ஒரே கண்ணின் வேலை. அந்தக் கண்ணுக்கு நான் மதிப்பெண் குறைத்தேன்.

மாணவர்களே, மையக்கருவை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள், கடைசியில் எழுதுங்கள். அதற்கு முன் கண்ணில் பட்டதை எழுதுங்கள். 'இந்த ஓவியம் மனிதனின் தனிமையைக் காட்டுகிறது' என்று எடுத்த எடுப்பில் எழுதுவது எளிது. எந்த ஓவியத்துக்கும் அது பொருந்தும், அதனாலேயே அது எதற்கும் உதவாது. 'இடப்பக்கம் நிறம் தடிப்பாகவும் வலப்பக்கம் மெலிதாகவும் இருக்கிறது' என்பது சின்ன வாக்கியம்தான். ஆனால் அது அந்த ஓவியத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அந்த மழை நாளுக்கு அடுத்த வாரம் அதே ஓவியத்தை மறுபடியும் திரையில் போட்டேன். "பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. அர்த்தம் எழுதக்கூடாது. கண்ணுக்குத் தெரியுறத மட்டும் எழுதுங்க" என்றேன். முதல் மூன்று நிமிடம் நெளிந்தார்கள். ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல மெல்லப் பேனா நகரும் சத்தம் கேட்டது. மையக்கரு கேட்ட பையனின் தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டே வரி: "காவி முதல்ல பூசியிருக்காரு, நீலம் அப்புறம். ஏன்னா நீலத்தோட ஓரம் காவி மேல ஏறி நிக்குது."

"அது சரியா டீச்சர்?" என்றான்.

படத்தை இன்னும் பெரிதாக்கி, அந்த ஓரத்தைத் திரை முழுக்கக் கொண்டுவந்தேன். வகுப்பு முழுவதும் எழுந்து முன்னால் வந்துவிட்டது.